நிறுவன ஆய்வு (வேலை தேடல்)

வேலை தேடலில் நிறுவன ஆய்வு என்பது, நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்ட விண்ணப்பதாரர் ஒருவர், தம்மை அழைத்த நிறுவனத்தின் சட்ட நிலை, தொழில், நிதி நிலை, மேலாண்மை, பணிச்சூழல் ஆகியவற்றைப் பொதுவில் கிடைக்கும் ஆவணங்கள் மூலம் அறிந்து கொள்ளும் செயற்பாடு ஆகும். நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தங்களில் பாடத்தை மீளப் படித்தல், தன்விவரக் குறிப்பைத் திருத்துதல் ஆகியவற்றுடன் இதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் இந்தியச் சட்டங்களையும் இந்திய நிறுவனங்களையும் அடிப்படையாகக் கொண்டு விளக்குகிறது. பிற நாடுகளின் பதிவேடுகள் சுருக்கமாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

== நோக்கம் ==

நிறுவன ஆய்வுக்கு இரண்டு நோக்கங்கள் உள்ளன. முதலாவது, "எங்கள் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?", "ஏன் இங்கு பணியாற்ற விரும்புகிறீர்கள்?" போன்ற கேள்விகளுக்குப் பொருத்தமான விடை அளித்தல். இரண்டாவது, அந்த நிறுவனத்தில் சேரலாமா என்பதை விண்ணப்பதாரரே முடிவு செய்தல். மாணவர்கள் முதலாவது நோக்கத்திற்கே முதன்மை தருகின்றனர். ஆனால் ஊதியம் தவறாமல் கிடைக்குமா, நிறுவனம் அடுத்த ஆண்டும் இயங்குமா, அழைப்பு உண்மையானதுதானா என்னும் கேள்விகள் எல்லாம் இரண்டாவது நோக்கத்தைச் சார்ந்தவை.

கல்லூரி வளாகத் தேர்வுகளில் இதன் தேவை மேலும் கூடுகிறது. ஒரு நிறுவனத்தில் தேர்வான மாணவர் அதன் பின்னர் வேறு நிறுவனத்தின் தேர்வில் கலந்து கொள்ளக்கூடாது என்னும் விதி பல கல்லூரிகளில் நடைமுறையில் உள்ளது. அவ்விடங்களில், பணி ஆணை கைக்கு வந்த பின்னர் செய்யும் ஆய்வால் பயன் குறைவு. தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் முன்னரே அதனைச் செய்ய வேண்டியுள்ளது.

== நிறுவனத்தை அடையாளம் காணல் ==

ஆய்வின் முதற்படி, வேலை தருவது எந்த நிறுவனம் என்பதைச் சரியாக அறிதல். வணிகப் பெயரும் சட்டப் பெயரும் வேறுபடலாம். எடுத்துக்காட்டாக, பைஜூஸ் என்று அறியப்பட்ட கல்வி நிறுவனத்தின் சட்டப் பெயர் திங்க் அண்ட் லேர்ன் பிரைவேட் லிமிடெட் ஆகும். சென்னையைச் சேர்ந்த சோகோ நிறுவனம் 1996 இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 2009 இல் சோகோ கார்ப்பரேசன் எனப் பெயர் மாற்றப்பட்டது. பழைய பெயரை அறியாதவருக்கு நிறுவனத்தின் முதற் பத்தாண்டுச் செய்திகள் தேடலில் கிடைக்கமாட்டா.

=== நிறுவன அடையாள எண் ===

இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திற்கும் 21 குறிகள் கொண்ட நிறுவன அடையாள எண் வழங்கப்படுகிறது. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, நிறுவனம் தனது பெயர், பதிவு அலுவலக முகவரி, இந்த அடையாள எண் ஆகியவற்றைத் தனது கடிதத்தாள்களில் அச்சிட வேண்டும். ஆகவே நிறுவனத்தின் கடிதத்தாளில் வரும் பணி ஆணையில் இவ்வெண் இருக்க வேண்டும். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) நிறுவனத்தின் எண் எல் 22210 எம்எச் 1995 பிஎல்சி 084781 என்பதாகும். இதனைப் பின்வருமாறு பிரித்துப் படிக்கலாம்:

* எல் - பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு இவ்விடத்தில் யு என்னும் எழுத்து வரும்.
* 22210 - தொழிற்றுறைக் குறியீடு.
* எம்எச் - பதிவு செய்யப்பட்ட மாநிலம், இங்கு மகாராட்டிரம். தமிழ்நாட்டிற்கு டிஎன், கருநாடகத்திற்கு கேஏ.
* 1995 - பதிவு செய்யப்பட்ட ஆண்டு.
* பிஎல்சி - பொது நிறுவனம். தனியார் நிறுவனத்திற்கு பிடிசி.
* 084781 - பதிவு எண்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. டி.சி.எஸ். 1968 இல் டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. தனி நிறுவனமாக 1995 இல் பதிவானது. பங்குச் சந்தையில் 2004 இல் பட்டியலிடப்பட்டது. எனவே அடையாள எண்ணில் உள்ள ஆண்டு தொழில் தொடங்கிய ஆண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும், "முப்பது ஆண்டு அனுபவம்" என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் பதிவு ஆண்டு சென்ற ஆண்டாக இருந்தால், இடையில் நடந்தது என்ன என்று கேட்பதற்கு இவ்வெண் இடம் தருகிறது.

=== குழுமமும் நிறுவனமும் ===

ஒரே பெயரைத் தாங்கிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே நிறுவனம் அல்ல. டி.வி.எஸ். மோட்டார், டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸ், டி.வி.எஸ். சப்ளை செயின் சொல்யூசன்ஸ் ஆகியவை தனித்தனி நிறுவனங்கள். ஒன்றின் இலாபம் மற்றொன்றின் பணியாளருக்கு உறுதி ஆகாது. குழுமத்தின் நற்பெயரைக் கொண்டு அதன் சிறு துணை நிறுவனத்தை மதிப்பிடுவது, மாணவர்கள் பரவலாகச் செய்யும் தவறு ஆகும். ஒப்பந்தப் பணியாளராகச் சேர்பவர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பணியிடம் ஒரு நிறுவனமாகவும், பணி ஆணை வழங்கி ஊதியம் தருவது வேறொரு மனிதவள நிறுவனமாகவும் இருக்கலாம். அப்போது இரண்டையும் ஆய்தல் வேண்டும்.

== ஆவணங்கள் கிடைக்கும் இடங்கள் ==

=== பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ===

மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைப் பற்றிய தகவல்கள் மிகுதியாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றன. இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியத்தின் (செபி) விதிகளின்படி, இவை ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் 45 நாட்களுக்குள் காலாண்டு முடிவுகளையும், நிதியாண்டு முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டு முடிவுகளையும் வெளியிட வேண்டும். ஆண்டறிக்கை, பங்குதாரர் விவரம், இயக்குநர் விலகல், தணிக்கையாளர் மாற்றம் ஆகியவை பங்குச் சந்தைகளின் வலைத்தளங்களில் நிறுவனத்தின் பெயரின் கீழ் கிடைக்கும்.

அண்மையில் பங்கு வெளியிட்ட நிறுவனமாயின் அதன் வெளியீட்டு வரைவு ஆவணத்தைச் செபியின் தளத்தில் படிக்கலாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட இவ்வாவணத்தில் "இடர்க் காரணிகள்" என்னும் பகுதி விண்ணப்பதாரருக்கு மிகவும் பயனுள்ளது. விளம்பரத்தில் சொல்லாத குறைகளை நிறுவனம் சட்டத்தின் கட்டாயத்தால் தன் வாயாலேயே சொல்லும் இடம் அது.

=== பட்டியலிடப்படாத நிறுவனங்கள் ===

தனியார் நிறுவனங்களும் நிறுவனங்களின் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்குகளைச் சமர்ப்பிக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டமும், அதன் பின் 30 நாட்களுக்குள் நிதி அறிக்கைகளின் சமர்ப்பிப்பும் நிகழ வேண்டும் என்பது பொது விதி. மார்ச் 31 இல் நிதியாண்டை முடிக்கும் நிறுவனத்தின் கணக்குகள், கால நீட்டிப்பு ஏதும் இல்லையெனில், அக்டோபர் இறுதிக்குள் பதிவாளரிடம் சேர்ந்திருக்கும். சட்டத்தின் 399 ஆம் பிரிவு, உரிய கட்டணம் செலுத்தி இவ்வாவணங்களைப் பார்வையிடும் உரிமையை எவருக்கும் தருகிறது. பங்குதாரராக இருக்க வேண்டிய தேவையில்லை.

இதற்கான மின்னணு ஏற்பாடு எம்சிஏ21 என்னும் பெயரில் 2006 இல் தொடங்கப்பட்டது. நிறுவன விவகார அமைச்சின் இத்தளத்தில் காணவேண்டியவை:

* நிறுவனத்தின் நிலை - செயற்பாட்டில் உள்ளதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா.
* கடைசியாகப் பொதுக்கூட்டம் நடந்த நாள், கடைசியாகக் கணக்குச் சமர்ப்பித்த நாள்.
* இயக்குநர்களின் பெயர்கள், அவர்கள் பொறுப்பேற்ற நாட்கள்.
* சொத்துக்களைப் பிணையாக வைத்துப் பெற்ற கடன்களின் பட்டியல்.

நிறுவனமாகப் பதிவு பெறாத தனியுடைமை வணிகங்களும் கூட்டாண்மை வணிகங்களும் இப்பதிவேட்டில் இரா. அவற்றின் சரக்கு மற்றும் சேவை வரி எண்ணைக் கொண்டு வரித் துறையின் தளத்தில் பெயர், பதிவு நாள், பதிவின் நிலை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். 15 குறிகள் கொண்ட இவ்வெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிற்கு 33. சிறு வணிகங்களுக்கு இவ்வரிப் பதிவு கட்டாயமில்லை என்பதால், எண் இல்லாமை மட்டுமே குற்றம் ஆகாது.

=== பிற நாடுகள் ===

ஐக்கிய அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆவணங்கள் எட்கர் என்னும் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் 10-கே எனப்படும் ஆண்டறிக்கையில் தொழில் விளக்கமும் இடர்க் காரணிகளும் தொடக்கத்திலேயே இடம்பெறும். ஐக்கிய இராச்சியத்தின் கம்பெனீஸ் அவுஸ் 2015 முதல் தனது எண்ணிம ஆவணங்களை இலவசமாக வழங்கி வருகிறது. சிறு தனியார் நிறுவனங்களின் பதிவுகளையும் அங்கு காணலாம். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிகள் பதிவாளர் திணைக்களம் இயங்குகிறது. பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் அறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் கிடைக்கின்றன.

== ஆண்டறிக்கையை வாசித்தல் ==

பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கை 300 பக்கங்களைத் தாண்டுவது உண்டு. அதனை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. விண்ணப்பதாரருக்குத் தேவையானவை நான்கு பகுதிகள்.

=== மேலாண்மை விளக்கம் ===

நிறுவனத்தின் வருவாய் எந்தத் துறைகளிலிருந்து, எந்த நாடுகளிலிருந்து, எத்தனை வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது என்பதை இப்பகுதி கூறும். வருவாயின் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருந்தால், அந்த வாடிக்கையாளர் விலகும் நாளில் அவ்வேலையைச் செய்த குழுவின் நிலை கேள்விக்குறியாகும். தாம் விண்ணப்பித்த பிரிவு வளரும் பிரிவா, சுருங்கும் பிரிவா என்பதையும் இங்கு காணலாம்.

=== நிதி அறிக்கைகள் ===

இருப்புநிலைக் குறிப்பு, இலாப நட்டக் கணக்கு, பணப் பாய்வு அறிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தவை நிதி அறிக்கைகள் ஆகும். கணக்கியல் பயிலாதவரும் பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடலாம்:

* மூன்று ஆண்டுகளில் வருவாய் கூடியதா, குறைந்ததா?
* இலாபம் காட்டப்பட்ட ஆண்டுகளில், தொழில் நடவடிக்கைகளிலிருந்து பணமும் உண்மையில் உள்ளே வந்ததா? இலாபம் கூடிக்கொண்டே போக, பணவரவு தொடர்ந்து குறைந்தால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும்.
* நட்டத்தில் இயங்கும் புதிய நிறுவனமாயின், கையிருப்புப் பணம் எத்தனை மாதச் செலவுக்குப் போதும்? கையிருப்பு 12 கோடி ரூபாய், மாத நிகரச் செலவு 2 கோடி ரூபாய் எனில், புதிய முதலீடு வராவிட்டால் ஆறு மாதங்களே உள்ளன.

=== தணிக்கையாளர் அறிக்கை ===

கணக்குகள் உண்மையான, நியாயமான தோற்றத்தைத் தருகின்றனவா என்பது பற்றித் தணிக்கையாளர் தம் கருத்தைத் தெரிவிப்பார். இதில் "குறைபாட்டுடன் கூடிய கருத்து" என்று இருந்தாலோ, நிறுவனம் தொடர்ந்து இயங்கும் ஆற்றல் குறித்து ஐயம் தெரிவிக்கப்பட்டிருந்தாலோ, அப்பத்தியை முழுமையாகப் படிக்க வேண்டும். வைப்பு நிதி, வரி ஆகியவற்றைச் செலுத்துவதில் நிலுவை உள்ளதா என்பதும் தணிக்கை அறிக்கையின் இணைப்பில் கூறப்படும்.

=== பணியாளர் பற்றிய தரவுகள் ===

மாணவர்கள் பெரும்பாலும் அறியாத பகுதி இது. நிறுவனங்கள் சட்டத்தின் 197 ஆம் பிரிவின்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் பணியாளரின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை வெளியிட வேண்டும். இடைநிலை ஊதியம் அவ்வாண்டில் எத்தனை விழுக்காடு கூடியது என்பதும் உடன் வெளியாகும். மேலும், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைபேற்று அறிக்கையைக் கட்டாயமாக வெளியிடுகின்றன. பணியாளர்கள் விலகும் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அதில் தரப்படும்.

பணியாளர் எண்ணிக்கையும் பல செய்திகளைச் சொல்லும். இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் 2023 மார்ச் இறுதியில் 3,43,234 பேர் பணியாற்றினர். 2024 மார்ச் இறுதியில் இது 3,17,240 ஆகக் குறைந்தது. அவ்வாண்டில் நிறுவனம் இலாபத்துடனேயே இயங்கியது. இலாபம் ஈட்டும் நிறுவனம் புதியவர்களை மிகுதியாகச் சேர்க்கும் என்று கருதிவிடக் கூடாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

== எடுத்துக்காட்டுகள் ==

=== சத்யம், 2008-2009 ===

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ், 2008 இல் இந்தியாவின் முன்னணித் தகவல் தொழினுட்ப நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. ஏறத்தாழ 50,000 பணியாளர்களைக் கொண்டிருந்தது. நிறுவன ஆளுகைக்காக 2008 செப்டம்பரில் கோல்டன் பீக்காக் விருதையும் பெற்றது. 2009 சனவரி 7 அன்று அதன் தலைவர் இராமலிங்க இராசு, கணக்கில் காட்டப்பட்ட பணத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று கடிதம் மூலம் ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் 30 அன்று கணக்கில் காட்டப்பட்ட பண, வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாய் ஆகும்.

அவ்வேளையில் நேர்முகத் தேர்வுக்குச் செல்லவிருந்த ஒருவர் எதனைக் கண்டிருக்க முடியும்? ஆண்டறிக்கையில் எதுவும் தெரிந்திராது. ஏனெனில் தணிக்கை செய்யப்பட்ட கணக்கே பொய்யானது. விருதும் உதவியிராது. ஆனால் 2008 டிசம்பரில் வெளியான செய்திகள் வேறு கதையைக் கூறின. டிசம்பர் 16 அன்று, தலைவரின் குடும்பத்தைச் சார்ந்த மேய்டாஸ் நிறுவனங்கள் இரண்டை ஏறத்தாழ 160 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் உடனடியாக அதனைக் கைவிட்டது. சத்யத்துடன் வணிகம் செய்வதற்கு உலக வங்கி எட்டாண்டுத் தடை விதித்த செய்தி அதே மாதம் உறுதியானது. தனி இயக்குநர்கள் அடுத்தடுத்து விலகினர். இம்மூன்றும் நாளிதழ்களில் வந்தவை.

பின்னர் அரசு நிறுவனத்தின் இயக்குநர் குழுவை மாற்றி அமைத்தது. 2009 ஏப்பிரலில் டெக் மகிந்திரா அதனை வாங்கும் நிறுவனமாகத் தெரிவு செய்யப்பட்டது. 2013 இல் சத்யம் டெக் மகிந்திராவுடன் இணைக்கப்பட்டது. உரிமையாளர்கள் தம் பங்குகளை அடகு வைத்திருப்பின் அதனை வெளியிட வேண்டும் என்னும் விதியைச் செபி 2009 சனவரியில் கொண்டு வந்தது. இன்று பங்குதாரர் விவரத்தில் அடகு வைக்கப்பட்ட பங்குகளின் விழுக்காட்டை எவரும் காணலாம். நிறுவன ஆய்வு செய்பவர் பார்க்க வேண்டிய எண்களுள் அதுவும் ஒன்று.

=== பைஜூஸ், 2021-2024 ===

பைஜூஸ் பட்டியலிடப்படாத நிறுவனம். 2019 முதல் 2023 வரை இந்தியத் துடுப்பாட்ட அணியின் சட்டையில் இதன் பெயர் இடம்பெற்றது. 2022 இல் இதன் மதிப்பு 2,200 கோடி அமெரிக்க டாலர் எனக் கணிக்கப்பட்டது. ஆனால் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்குகள், ஏறத்தாழ 18 மாதங்கள் கழித்து 2022 செப்டம்பரிலேயே வெளியாகின. அவ்வாண்டின் நட்டம் ஏறத்தாழ 4,588 கோடி ரூபாய் ஆகும். அடுத்த ஆண்டின் கணக்கும் தாமதமான நிலையில், 2023 சூனில் தணிக்கையாளரான டெலாய்ட் விலகியது. 2024 சூலையில் நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டது.

இதில் பணிநீக்கங்களுக்கும் ஊதியத் தாமதத்திற்கும் முன்னதாகவே தெரிந்த அறிகுறி, கணக்கு வராமை. கணக்கில் உள்ள எண்களைப் புரிந்துகொள்ள முடியாத மாணவரும், கணக்கு உரிய நாளில் வந்ததா என்பதைப் பார்க்க முடியும். கணக்குத் தாமதம், தணிக்கையாளரின் இடைக்கால விலகல், இயக்குநர்கள் கூட்டாக விலகல் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் மேலும் விசாரிப்பது நன்று.

== பணிச்சூழலை அறிதல் ==

ஆவணங்கள் நிறுவனத்தின் உடல்நிலையைக் காட்டும். அன்றாட வாழ்வைக் காட்டா. அதற்குப் பின்வரும் வழிகள் உள்ளன.

முன்னாள் மாணவர்கள்: அதே கல்லூரியில் படித்து அந்நிறுவனத்தில் பணியாற்றும் மூத்த மாணவர்களிடம் கேட்பது எளிய வழி. "நிறுவனம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற விடையே வரும். சென்ற மாதம் ஊதியம் எந்த நாளில் வந்தது, பயிற்சி முடிந்த எத்தனை நாட்களில் வேலை ஒதுக்கப்பட்டது, உடன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் உள்ளனர் போன்ற குறிப்பான கேள்விகளுக்குக் குறிப்பான விடைகள் கிடைக்கும்.

மதிப்புரைத் தளங்கள்: கிளாஸ்டோர், ஆம்பிசன்பாக்ஸ் போன்ற தளங்களில் பணியாளர்கள் பெயர் குறிப்பிடாமல் கருத்து எழுதுகின்றனர். மிகுந்த மனக்குறை உள்ளவர்களும், எழுதுமாறு மனிதவளத் துறையால் கேட்டுக்கொள்ளப்பட்டவர்களும் இங்கு மிகுதியாக எழுதக்கூடும் என்பதால் நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் நம்ப இயலாது. தாம் சேரவிருக்கும் ஊர், பிரிவு ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு மாதங்களில் எழுதியவற்றில் ஒரே குறை மீண்டும் மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். ஒரே வாரத்தில் ஒரே நடையில் குவிந்த பாராட்டுக்கள் ஐயத்திற்குரியவை.

வைப்பு நிதிப் பதிவுகள்: 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பொதுவாகத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் சேர வேண்டும். வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடி, அது பதிவு செய்யப்பட்டதா, மாதந்தோறும் பணம் செலுத்தியதா, எத்தனை பணியாளர்களுக்காகச் செலுத்தியது என்பவற்றைக் காணும் வசதி உள்ளது. 500 பேர் பணியாற்றுவதாகக் கூறும் நிறுவனம் 40 பேருக்கு மட்டுமே நிதி செலுத்தியிருந்தால், எஞ்சியோர் எந்த நிலையில் பணியாற்றுகின்றனர் என்று கேட்கலாம்.

பணி முறி: குறிப்பிட்ட காலத்திற்கு முன் விலகினால் பணம் செலுத்த வேண்டும் என்னும் உடன்படிக்கை பணி முறி எனப்படும். இத்தகைய முறிகள் செல்லாதவை என்ற கருத்து மாணவர்களிடையே பரவலாக உள்ளது. ஆனால் 2025 மே மாதம், விசயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்றாண்டுகளுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்னும் நிபந்தனையை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே முறி உண்டா, தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்பதைத் தேர்வுக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

== போலி வேலைவாய்ப்புகள் ==

நிறுவன ஆய்வு தவறினால் நேரும் இழப்பு ஒரு வேலை மட்டும் அன்று. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சு ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. தாய்லாந்தில் எண்ணிம விற்பனை, சந்தைப்படுத்தல் பணி எனக் கூறி, தகவல் தொழினுட்பம் பயின்ற இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து வைத்து, இணைய மோசடி வேலையில் ஈடுபடுத்துவது பற்றியது அது. அவ்வாறு சிக்கியவர்களுள் தமிழர்களும் இருந்தனர். மீட்கப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை அமைச்சின் இமைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். இலங்கையில் இதனை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கவனிக்கிறது. சுற்றுலா நுழைவிசைவில் வேலைக்குப் புறப்படச் சொல்வது முதன்மையான எச்சரிக்கைக் குறி ஆகும்.

உள்நாட்டுப் போலி அழைப்புகளில் பொதுவாகக் காணப்படும் கூறுகள்:

* பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் எனப் பணம் கேட்டல். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் விண்ணப்பதாரரிடம் பணம் பெறுவதில்லை என வெளிப்படையாக அறிவித்துள்ளன.
* பெரிய நிறுவனத்தின் பெயரில், இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ ஓரெழுத்து மாறிய ஆள்களப் பெயரிலிருந்தோ வரும் மடல். ஆள்களப் பெயர் எந்த நாளில் பதிவானது என்பதைக் ஹூ இஸ் தேடலில் பார்க்கலாம். இருபது ஆண்டு நிறுவனத்தின் ஆள்களம் சென்ற வாரம் பதிவாகியிருந்தால் அது பெரும்பாலும் போலி.
* நேர்முகத் தேர்வே இன்றி, அல்லது அரட்டைச் செயலியில் மட்டும் நடத்திய தேர்வுக்குப் பின், பணி ஆணை தருதல்.
* அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லுதல். சரிபார்த்து உடனே திருப்பித் தருவது வேறு, வைத்துக்கொள்வது வேறு.

ஐயம் எழுந்தால் மடலில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காமல், நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில் உள்ள எண்ணை அழைத்துக் கேட்பதே முறை.

== நேர்முகத் தேர்வில் பயன்படுத்தல் ==

திரட்டிய தகவல்களை ஒப்புவிப்பது ஆய்வின் பயன் அன்று. நிறுவனம் தொடங்கிய ஆண்டும் நிறுவனரின் பெயரும் தேர்வாளருக்கு முன்பே தெரியும். தகவலைத் தமது திறனுடனும் விண்ணப்பித்த பணியுடனும் இணைத்துக் கூறுவதே தேவை.

"தங்கள் நிறுவனம் உலகப் புகழ் பெற்றது, இங்கு நன்கு கற்றுக்கொள்ளலாம்" என்னும் விடையில் நிறுவனத்தின் பெயரை மாற்றினாலும் விடை பொருந்தும். அது ஆய்வு செய்யாத விடை. "தங்கள் வருவாயில் வங்கித் துறையின் பங்கே பெரியது என ஆண்டறிக்கையில் படித்தேன். எனது இறுதியாண்டுத் திட்டம் பணப் பரிமாற்றத் தரவுகளில் பிழை கண்டறிவது பற்றியது. அப்பிரிவில் பணியாற்ற விரும்புகிறேன்" என்னும் விடை அந்நிறுவனத்திற்கு மட்டுமே பொருந்தும்.

தேர்வின் முடிவில் "நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்று வினவுவது வழக்கம். ஆய்வில் விடை கிடைக்காத கேள்விகளுக்கு உரிய இடம் இது. எடுத்துக்காட்டாக:

* இப்பணியிடம் புதிதாக உருவானதா, ஒருவர் விலகியதால் ஏற்பட்டதா?
* முதல் ஆறு மாதங்களில் புதியவரிடம் எதனை எதிர்பார்க்கிறீர்கள்?
* பணியில் சேரும் நாள் பணி ஆணையில் குறிப்பிடப்படுமா?

நிறுவனத்தின் குறையைப் பற்றிக் கேட்பதாயின் குற்றம் சாட்டும் தொனி இன்றிக் கேட்கலாம். "சென்ற ஆண்டு பணியாளர் எண்ணிக்கை குறைந்ததாகப் படித்தேன், இப்பிரிவில் நிலைமை எவ்வாறு உள்ளது?" என்பது முறையான கேள்வியே. தேர்வாளரின் குடும்பம், சொந்த வாழ்க்கை பற்றி இணையத்தில் தேடிக் கண்டவற்றைப் பேசுவது தவிர்க்கத்தக்கது.

== கால ஒதுக்கீடு ==

ஒரே வாரத்தில் பல நிறுவனங்களின் தேர்வுகளை எதிர்கொள்ளும் மாணவர் ஒவ்வொன்றிற்கும் பல மணி நேரம் செலவிட இயலாது. ஒரு நிறுவனத்திற்கு ஒரு மணி நேரம் எனக் கொண்டால், சட்டப் பெயரையும் பதிவையும் சரிபார்க்க 10 நிமிடம், ஆண்டறிக்கையின் நான்கு பகுதிகளுக்கு 25 நிமிடம், கடந்த ஆறு மாதச் செய்திகளுக்கு 10 நிமிடம், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ள 15 நிமிடம் என ஒதுக்கலாம். பதிவைச் சரிபார்க்கும் முதற் 10 நிமிடத்தை மட்டும் எந்த நிலையிலும் விடக்கூடாது. மூத்த மாணவருடனான உரையாடல் இதற்கு வெளியே, முன்னதாக நிகழ்வது நல்லது.

== வரம்புகள் ==

சத்யத்தின் எடுத்துக்காட்டு காட்டுவது போல, தணிக்கை செய்யப்பட்ட ஆவணமும் பொய்யாக இருக்கக்கூடும். பதிவேடுகளில் உள்ளவை பல மாதங்கள் பழையவை. சிறு நிறுவனங்கள், புதிய நிறுவனங்கள் பற்றி ஆவணங்களே குறைவு. அவற்றில் நிறுவனரின் முன்னைய பணியும், நேரில் காணும் அலுவலகமும், அங்கு பணியாற்றுவோரின் சொல்லுமே சான்றுகள் ஆகும். நட்டத்தில் இயங்கும் நிறுவனத்தில் தெரிந்தே சேர்வதும் தவறன்று. விரைவாகக் கற்கும் வாய்ப்புக்காகப் பலர் அவ்வாறு சேர்கின்றனர். அம்முடிவை எடுக்கும் முன் கையிருப்பு எத்தனை மாதங்களுக்குப் போதும் என்பதை அவர் அறிந்திருக்கச் செய்வதே நிறுவன ஆய்வின் பணி.

== இவற்றையும் பார்க்க ==

* நேர்முகத் தேர்வு
* தன்விவரக் குறிப்பு
* ஆண்டறிக்கை
* இருப்புநிலைக் குறிப்பு
* தணிக்கை